செடி ஒளியை எப்படி உணர்கிறது? ஒளி ஏற்பிப் புரதங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு ஈரத் துணிகளில் கடுகு விதைகளைத் தூவுங்கள். ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள். இன்னொன்றை வெளிச்சம் துளியும் புகாத அட்டைப் பெட்டிக்குள் மூடிவிடுங்கள். ஐந்தாம் நாள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே பொட்டலத்து விதைகள் என்று நம்பவே முடியாது. ஜன்னலோரத்து நாற்றுகள் குட்டையாக, பச்சையாக, வித்திலைகள் இரண்டையும் விரித்து நிற்கும். பெட்டிக்குள் இருந்தவை வெளிறிய மஞ்சளில் நூல்போல நீண்டு, தலையைக் கொக்கிபோல் கவிழ்த்து, வித்திலைகளை இறுக மூடிக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் இல்லாததால் உணவு இல்லை, அதனால் சோனியாகிவிட்டது என்றுதான் பெரும்பாலும் நினைப்போம். ஆனால் முதல் சில நாட்களுக்கு இரண்டு கூட்டமுமே விதைக்குள் இருந்த சேமிப்பில்தான் வாழ்கின்றன. பெட்டிக்குள் இருப்பது பட்டினியில் வாடவில்லை. தான் மண்ணுக்குள் புதைந்திருப்பதாக எடுத்துக்கொண்டு, அதற்கான திட்டத்தை ஒழுங்காக நடத்திக்கொண்டிருக்கிறது. மேலே வந்து சேரத் தண்டை நீட்டுகிறது. நுனிக் குருத்து மண்ணில் உரசாமலிருக்கத் தலையைக் கவிழ்க்கிறது. இப்போது தேவைப்படாத பச்சையத்தில் சேமிப்பைச் செலவழிக்காமல் இருக்கிறது.

வெளிச்சம் பட்டதும் இந்தத் திட்டம் சில மணி நேரத்தில் தலைகீழாகிறது. அதைச் செய்பவை ஒளி ஏற்பிகள் எனப்படும் ஒரு கைப்பிடி புரதங்கள். ஒளி விழும் கணத்திலிருந்து தண்டு வளைவது, பூ பூப்பது வரை அந்தப் புரதங்களின் பின்னாலேயே படிப்படியாகப் போவோம். போகும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒளி பெரும்பாலும் புதிதாக எதையும் ஓட்டிவிடுவதில்லை, ஏற்கெனவே அழுத்திப் பிடித்திருக்கும் பிரேக்கை எடுத்துவிடுகிறது. இது பிடிபட்டால் வாயில் நுழையாத ஏற்பிப் பெயர்களெல்லாம் தாமாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு குழப்பம்

பச்சையம்தானே ஒளியைப் பிடிக்கிறது, அதுதானே செடியின் கண் என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. பச்சையம் ஒளியை ஆற்றலாக எடுத்துக்கொள்கிறது. நாம் பேசப்போகும் புரதங்கள் ஒளியைத் தகவலாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் தேவைப்படும் அளவே வேறு. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி மணிக்கணக்கில் வேண்டும். மண்ணைக் கிளறும்போது நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் வெயில் பட்டாலே சில களைகளின் விதைகள் விழித்துக்கொள்கின்றன. பச்சையமே இல்லாத வெளிறிய நாற்றும் ஒளியை உணர்ந்து வளைகிறது.

இன்னொரு வேடிக்கை. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாவதற்கே ஒளி தேவை. பச்சையத்துக்கு முந்தைய பொருளை மாற்றும் நொதி, ஒளி பட்டால்தான் வேலை செய்யும். இருட்டில் வளர்ந்த கடுகு மஞ்சளாக இருப்பதன் நேரடிக் காரணம் இதுதான். பைன் போன்ற ஊசியிலை மரங்களிடம் இருட்டிலும் இதைச் செய்யும் வேறொரு நொதி இருக்கிறது. அதனால் அவற்றின் நாற்றுகள் இருட்டிலும் ஓரளவு பச்சையாகும்.

படி 1: ஒளியைப் பிடிக்க ஒரு நிறமி

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. தனியாக விட்டால் பெரும்பாலான புரதங்களுக்கு நிறமே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அவற்றைச் சட்டை செய்யாமல் கடந்து போய்விடும். ஒளியை உணர வேண்டுமென்றால் அதை உறிஞ்சும் ஒரு சிறு மூலக்கூறு புரதத்தின் மடிப்புக்குள் பொருந்தியிருக்க வேண்டும். அதைக் குரோமோபோர் என்பார்கள். நாம் நிறமி என்றே வைத்துக்கொள்வோம்.

எந்த நிறமி, எந்த ஒளி என்பதைப் பொறுத்தே ஏற்பிகள் பிரிகின்றன. சிவப்பையும் அதற்கு அடுத்துள்ள தூரச் சிவப்பையும் பார்க்கும் பைட்டோகுரோமுக்குள் இருப்பது பைட்டோகுரோமோபிலின். நம் பித்தநீரில் இருக்கும் நிறமிகளுக்கு உறவு. செடி அதை ஹீம் மூலக்கூறை உடைத்துத்தான் செய்கிறது. நீல ஒளியைப் பார்க்கும் கிரிப்டோகுரோமுக்குள்ளும் போட்டோட்ரோபினுக்குள்ளும் இருப்பவை பி2 வைட்டமினாகிய ரைபோஃபிளேவினிலிருந்து வருபவை. புறஊதாவைப் பார்க்கும் யு.வி.ஆர்.8 மட்டும் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. தன் சங்கிலியில் இருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தையே நிறமியாகப் பயன்படுத்துகிறது.

நிறமி இல்லாவிட்டால் புரதம் இருந்தும் பயனில்லை. ஆய்வகங்களின் செல்லப் பிள்ளையான அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் (கடுகுக் குடும்பம்தான்) பைட்டோகுரோமோபிலினைச் செய்யத் தெரியாத மரபு மாற்ற வகைகள் உண்டு. நல்ல வெளிச்சத்திலும் அவை அரைகுறை இருட்டில் இருப்பதுபோல நெட்டையாக வளரும். பூட்டு இருக்கிறது, சாவித் துவாரம் இல்லை.

ஒளித்துகள் ஒன்று நிறமியில் மோதியதும் நிறமியின் வடிவமோ பிணைப்போ மாறுகிறது. நிறமி நெளிந்தால் அதைச் சுற்றியிருக்கும் புரதமும் நெளிந்தாக வேண்டும். புரதத்தின் உருவம் மாறினால் அது யாரோடு ஒட்டும், யாரை விட்டு விலகும் என்பதும் மாறுகிறது. ஒளி வேதியியலாக மாறும் இடம் இதுதான். மேற்கொண்டு நடப்பதெல்லாம் யார் யாரோடு ஒட்டுகிறார்கள் என்ற கதை.

படி 2: சிவப்பா, தூரச் சிவப்பா? பைட்டோகுரோம்

இந்த ஏற்பிகளில் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

1952-ல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு லெட்டூஸ் கீரையின் விதைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. அந்த விதைகள் இருட்டில் சரியாக முளைக்காது. சிறிது நேரம் சிவப்பு ஒளி காட்டினால் ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. சிவப்பைக் காட்டிய கையோடு தூரச் சிவப்பைக் காட்டினால் முளைப்பு வெகுவாகக் குறைந்தது. மறுபடி சிவப்பு காட்டினால் மறுபடி முளைத்தன. மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதுதான் முடிவு செய்தது.

தூரச் சிவப்பு என்பது நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் எல்லையில், அலைநீளம் 700 நானோமீட்டருக்கு மேல் உள்ள ஒளி.

இதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. இரண்டு வேறு நிறமிகள் இல்லை; இரண்டு நிலைகளுக்கு இடையே போய்வரும் ஒரே நிறமிதான் இருக்க வேண்டும் என்றார்கள். அதைக் கண்ணால் காட்டாதவரை 'கற்பனை நிறமி' என்று கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். 1959-ல் அதே மையத்தில் வாரன் பட்லரும் சகாக்களும் நாற்றுகளில் அது ஒளியை உறிஞ்சுவதையும் இரண்டு நிலைகளுக்கிடையே மாறுவதையும் கருவியில் அளந்தே காட்டினார்கள்.

அந்த இரண்டு நிலைகள் இவை. முதலாவது 660 நானோமீட்டர் அளவில் உள்ள சிவப்பை உறிஞ்சும். செடி புதிதாகச் செய்யும் பைட்டோகுரோம் இந்த நிலையில்தான் பிறக்கிறது, இது செயலற்றது. சிவப்பை உறிஞ்சியதும் நிறமியின் ஓர் ஓரத்து வளையம் ஓர் இரட்டைப் பிணைப்பைச் சுற்றித் திரும்பிக்கொள்கிறது. புரதம் இரண்டாம் நிலைக்குப் போகிறது. இந்த நிலைதான் வேலை செய்யும். இது 730 நானோமீட்டர் அளவில் உள்ள தூரச் சிவப்பை உறிஞ்சினால் மறுபடி முதல் நிலைக்குத் திரும்பிவிடும். சுவரில் இருக்கும் சுவிட்ச் மாதிரி, ஒரு நிறம் போடுகிறது, இன்னொரு நிறம் அணைக்கிறது.

சரி, இரண்டு சிவப்புகளைப் பிரித்துப் பார்ப்பதால் செடிக்கு என்ன லாபம்? அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. திறந்த வெயிலில் சிவப்பும் தூரச் சிவப்பும் ஏறக்குறைய சமம். சிவப்பு கொஞ்சம் அதிகம், விகிதம் 1.2 அளவில் இருக்கும். இலைகளோ சிவப்பைப் பச்சையத்தால் விழுங்கிவிட்டு, தூரச் சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே ஊடுருவவும் பிரதிபலிக்கவும் விடுகின்றன. அடர்ந்த இலைக் கூட்டத்துக்குக் கீழே அந்த விகிதம் 0.1 வரைகூட இறங்கும். சுவரின் நிழலில் ஒளி குறைகிறதே தவிர விகிதம் அவ்வளவாக மாறாது. இலையின் நிழலில்தான் விகிதம் விழுகிறது. ஆகவே போட்டியாளரின் நிழலையும் கல்லின் நிழலையும் செடியால் பிரித்தறிய முடிகிறது. பக்கத்துச் செடி பிரதிபலிக்கும் தூரச் சிவப்பை வைத்து, நிழல் விழுவதற்கு முன்பே ஆபத்தைத் தெரிந்துகொள்ளவும் முடிகிறது. நெருக்கமாக விதைத்த நாற்றுகள் நெட்டையாகிக் கிளைவிடாமல் போவதற்குப் பெரும்பகுதிக் காரணம் இதுதான்.

அரபிடாப்சிஸில் ஏ முதல் ஈ வரை ஐந்து பைட்டோகுரோம்கள் உண்டு. முக்கியமானவை இரண்டு. 'ஏ' இருட்டில் ஏராளமாகச் சேர்ந்து கிடக்கும். மிக மிக மங்கலான ஒளியையும் பிடிக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் வேகமாக அழிக்கப்படும். மண்ணைக் கிளறும்போது விதைகளை எழுப்புவது இதன் வேலை. 'பி' வெளிச்சத்திலும் நிலைத்திருக்கும். அக்கம்பக்கத்தைக் கண்காணிப்பது பெரும்பாலும் இதுதான்.

'பி'க்கு இன்னொரு வேலையும் இருப்பது 2016-ல் தெரிய வந்தது. செயல்படும் நிலையிலிருந்து செயலற்ற நிலைக்கு அது இருட்டிலும் தானாகவே நழுவும். வெப்பம் கூடக் கூட இன்னும் வேகமாக நழுவும். அதாவது ஒளியை அளக்கும் அதே புரதம் வெப்பமானியாகவும் இருக்கிறது. வெதுவெதுப்பான இடத்தில் வளரும் நாற்றுகளும் நிழலில் வளர்வதுபோல நீள்வதில் இதற்கும் பங்கு உண்டு.

படி 3: செய்தி உட்கருவுக்குள் போகிறது

பிரேக் என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

செயல்படும் நிலைக்கு வந்த பைட்டோகுரோம் செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே பிஃப் என்று அழைக்கப்படும் புரதங்கள் டி.என்.ஏ.வில் உட்கார்ந்துகொண்டு 'தண்டை நீட்டு, இலையை விரிக்காதே' என்று மரபணுக்களை ஏவிக்கொண்டிருக்கும். பைட்டோகுரோம் அவற்றைப் பிடித்ததும் அவற்றின்மேல் பாஸ்பேட் முத்திரை விழுகிறது. அதன்மேல் யுபிகுவிட்டின் என்ற 'அழித்துவிடு' சீட்டு ஒட்டப்படுகிறது. செல்லின் குப்பை அரைக்கும் இயந்திரமான புரோட்டியசோம் அவற்றை அரைத்துவிடுகிறது. சிவப்பு ஒளி பட்ட சில நிமிடங்களில் இது நடந்துவிடும்.

இரண்டாவது பிரேக்கின் பெயர் காப்-1. இது அழிவுச் சீட்டு ஒட்டும் குமாஸ்தா. இருட்டில் உட்கருவுக்குள் உட்கார்ந்துகொண்டு, பச்சை வாழ்க்கைக்குத் தேவையான மரபணுக்களை இயக்கக்கூடிய எச்.ஒய்.5 போன்ற புரதங்களுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டி அனுப்பிக்கொண்டே இருக்கும். செடி எச்.ஒய்.5-ஐச் செய்வதும் காப்-1 அதை அழிக்க அனுப்புவதும் தொடர்ந்து நடக்கும். ஒளி வந்ததும் ஏற்பிகள் காப்-1-ஐ முடக்குகின்றன. எச்.ஒய்.5 சேர்கிறது. தண்டு நீள்வது மட்டுப்படுகிறது, தலை நிமிர்கிறது, இலை விரிகிறது, பச்சையம் வருகிறது.

செய்து உடனே அழிப்பது வீண் செலவாகத் தோன்றலாம். வேகத்துக்காகத் தரும் விலை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கொட்டும் குழாயின் கீழே வாளியை வைத்தால் போதும், அடைபட்ட குழாயைத் திறக்கும் நேரம் மிச்சம்.

இதற்கு அழகான நிரூபணம் உண்டு. பிஃப் புரதங்களில் நான்கை நீக்கிவிட்ட அரபிடாப்சிஸ் நாற்று, முழு இருட்டில் வளர்ந்தாலும் தண்டைக் குட்டையாக்கி, வித்திலைகளை விரித்து, வெளிச்சத்தில் வளர்ந்ததுபோல நிற்கும். காப்-1 பழுதான நாற்றும் அப்படியே. ஒளி ஒரு துளிகூடப் படவில்லை. பிரேக்கை மட்டும் கழற்றினார்கள்.

காப்-1-ஐ முடக்குவதில் பைட்டோகுரோமுக்குத் துணையாக வருவது கிரிப்டோகுரோம். பெயருக்கு 'மறைந்த நிறம்' என்று பொருள். நீல ஒளிக்குச் செடி பதில் சொல்கிறது என்று நீண்ட காலமாகத் தெரிந்தும் அதை உணரும் புரதம் கையில் சிக்காமலே இருந்தது. நீல ஒளியிலும் குட்டையாகாமல் நீளும் ஓர் அரபிடாப்சிஸ் வகையின் பழுதான மரபணுவைத் துரத்தி, 1993-ல் மார்கரெட் அகமதுவும் ஆன்டனி கேஷ்மோரும் அதைப் பிடித்தார்கள். அதன் வரிசையைப் படித்தால் இன்னொரு ஆச்சரியம்: சேதமான டி.என்.ஏ.வை ஒளியின் உதவியால் சரிசெய்யும் ஃபோட்டோலயேஸ் நொதிகளோடு அது நெருங்கிய உறவு. பழுது பார்க்கும் வேலையை விட்டுவிட்டுக் காவல் வேலைக்கு வந்துவிட்டது. விலங்குகளிலும் இதன் உறவுகள் உண்டு. அங்கே உடல் கடிகாரத்தில் பங்கேற்கின்றன.

நீல ஒளி பட்டதும் கிரிப்டோகுரோம்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூட்டாகின்றன. கூட்டாக இருந்தால்தான் அவை செயல்படும். காப்-1-ஐயும் அதன் கூட்டாளியையும் கட்டிப் போடும். அந்தக் கூட்டைத் தடுக்கவும் செடியிடம் தனியாக ஒரு புரதம் இருக்கிறது. எந்தச் சுவிட்சையும் அளவில்லாமல் போட்டு வைக்க செடி விரும்புவதில்லை போலிருக்கிறது.

படி 4: வெளிச்சம் வரும் பக்கம் எது? போட்டோட்ரோபின்

இதுவரை பார்த்தவை 'ஒளி இருக்கிறதா, என்ன நிறம்' என்ற கேள்விகள். எந்தப் பக்கம் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு புரதம்.

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-ல் வெளியிட்ட சோதனைகளில், புல் நாற்றின் முளைக் குருத்து உறைக்கு நுனியில் ஒளிபுகாத தொப்பி மாட்டினார்கள். பக்கவாட்டு ஒளியில் அது வளையவில்லை. நுனியைத் திறந்து விட்டுக் கீழ்ப்பகுதியை மறைத்தால் வளைந்தது. உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. ஆக ஏதோ ஒரு செய்தி கீழிறங்குகிறது என்றார்கள். 1920-களின் பிற்பகுதியில் ஃப்ரிட்ஸ் வென்ட், வெட்டிய நுனிகளை ஜெல்லி போன்ற அகார் துண்டுகளின் மேல் வைத்து, அந்தத் துண்டுகளை மட்டும் நுனியில்லாத நாற்றுகளின் ஓர் ஓரத்தில் வைத்தபோது அவை வளைந்தன. செய்தி ஒரு வேதிப்பொருள். அதற்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. (டார்வின் முடிவை எல்லாச் செடிக்கும் நீட்டிவிடாதீர்கள். அரபிடாப்சிஸ் போன்ற இருவித்திலை நாற்றுகளில் தண்டின் மேற்பகுதியே உணர்கிறது, அங்கேயே வளைகிறது.)

ஒளியை உணரும் புரதம் தெரிய 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வின்ஸ்லோ பிரிக்ஸின் ஆய்வுக் குழு, நீல ஒளிக்கு வளையாத அரபிடாப்சிஸ் வகையிலிருந்து அதற்கான மரபணுவைக் கண்டெடுத்தது. அதுதான் போட்டோட்ரோபின்.

இதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு முனையில் 'லவ்' எனப்படும் இரண்டு பகுதிகள். ஒளி, ஆக்சிஜன், மின்னழுத்தம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் அது, காதல் கதை ஒன்றுமில்லை. மறுமுனையில் கைனேஸ், அதாவது மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும் நொதி. இருட்டில் 'லவ்' பகுதி கைனேஸை அமுக்கிப் பிடித்திருக்கும். நீல ஒளி பட்ட நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்குள், உள்ளே இருக்கும் ஃபிளேவின் நிறமி பக்கத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்கிறது. அதன் இழுப்பில், அருகிலுள்ள ஒரு சுருள் அவிழ்கிறது. கைனேஸ் விடுபடுகிறது. இங்கும் பிரேக்தான். ஒளி போனதும் பிணைப்பு தானாக உடைந்து மறுபடி பூட்டிக்கொள்ளும்.

போட்டோட்ரோபின் உட்கருவுக்குப் போவதில்லை, செல்லின் சவ்வை ஒட்டியே இருக்கிறது. ஒளி படும் பக்கச் செல்களில் அதிகம் விழிக்கும், மறுபக்கம் குறைவாக விழிக்கும். இந்த வித்தியாசம் ஆக்சினைக் கடத்தும் புரதங்களின் போக்கை மாற்ற, ஆக்சின் நிழல் பக்கம் அதிகம் சேர்கிறது. அந்தப் பக்கச் செல்கள் கூடுதலாக நீள்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் தண்டு வளையாமல் என்ன செய்யும்? செடி ஒளியை நோக்கிச் சாய்கிறது என்று நாம் சொல்வது, நிழல் பக்கம் நீள்வதன் விளைவு.

ஆனால் அரபிடாப்சிஸின் தண்டு மயிரிழைபோல மெல்லியது, கிட்டத்தட்டக் கண்ணாடி. ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடாதா? பக்க வித்தியாசம் எங்கிருந்து வரும்? 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. செல்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் உண்டு. நீர் நிறைந்த செல்லிலிருந்து காற்றுக்குள் போகும்போது ஒளி சிதறுகிறது. அதனால் மறுபக்கம் சேரும் ஒளி குறைகிறது. அந்த இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்துவிட்ட மரபு மாற்ற வகை சரியாக வளைவதில்லை. அதன் தண்டு வழக்கத்தைவிடத் தெளிவாக, ஒளி ஊடுருவும்படி இருந்தது. புரதத்தைப் பற்றி நூறு பக்கம் படித்தவர்களும் கவனிக்காமல் விட்டது வெறும் காற்றை.

போட்டோட்ரோபினுக்கு வேறு வேலைகளும் உண்டு. மங்கலான ஒளியில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களைச் செல்லின் மேற்புறம் கூட்டி வைக்கும். ஒளி கடுமையானால் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுக்கி, ஒன்றின் நிழலில் இன்னொன்றை ஒளித்து வைக்கும். இப்படி ஒதுங்கத் தெரியாத வகைகளின் இலைகள் கடும் ஒளியில் சேதமாகின்றன. காலையில் இலைத்துளை திறப்பதிலும் இதன் கை உண்டு. துளையின் இருபுறமும் உள்ள காவல் செல்களில் புரோட்டான் பம்பை இயக்கிவிட்டால், பொட்டாசியம் உள்ளே வரும், பின்னாலேயே நீர் வரும், செல்கள் உப்பித் துளை திறக்கும்.

படி 5: புறஊதா

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். யு.வி.ஆர்.8 இருட்டில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா-பி பட்டதும், இரண்டும் ஒட்டும் இடத்தில் உள்ள டிரிப்டோஃபேன்கள் அதை உறிஞ்சிப் பிணைப்பைக் குலைக்க, ஜோடி பிரிகிறது. இது 2011-ல் தெளிவானது. பிரிந்த தனி மூலக்கூறு நேராகப் போய்ப் பிடிப்பது யாரை? நம் பழைய குமாஸ்தா காப்-1-ஐத்தான். எச்.ஒய்.5 சேர்கிறது, புறஊதாவை உறிஞ்சும் ஃபிளேவனாய்டுகள் இலையின் மேற்தோலில் குவிகின்றன. செடி தனக்கே தயாரித்துக்கொள்ளும் வெயில் காப்புப் பூச்சு அது.

படி 6: பகலின் நீளத்தை அளப்பது

1920-ல் கார்னரும் அல்லார்டும் 'மேரிலேண்ட் மாமத்' என்ற புகையிலை வகையை வைத்து, அது பூப்பது பகலின் நீளத்தைப் பொறுத்தது என்று காட்டினார்கள். வெளியே கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன செடி, பகலைச் சுருக்கியதும் பூத்தது. பின்னால் வந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: பகல் குறுகினால் பூக்கும் குறும்பகல் செடிகள் உண்மையில் இரவின் நீளத்தை அளக்கின்றன. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் சிவப்பு ஒளி காட்டினால் பல வகைகள் பூப்பதில்லை. கையோடு தூரச் சிவப்பு காட்டினால் மறுபடி பூக்கின்றன. லெட்டூஸ் விதையில் பார்த்த அதே சுவிட்ச்.

பகல் நீண்டால் பூக்கும் நீள்பகல் செடியான அரபிடாப்சிஸில் கணக்கு எப்படி நடக்கிறது என்பது நன்றாகத் தெரியும். கான்ஸ்டன்ஸ் என்ற புரதம்தான் நடுநாயகம். அதன் மரபணுவை அடக்கி வைத்திருக்கும் புரதங்கள் சில உண்டு. 'லவ்' பகுதி கொண்ட எஃப்.கே.எஃப்.1 என்ற இன்னொரு நீல ஒளி ஏற்பி, மாலை நேரத்தில் அவற்றுக்கு அழிவுச் சீட்டு ஒட்டுகிறது. எனவே கான்ஸ்டன்ஸ் உருவாவது பிற்பகலில்தான். ஆனால் இருட்டினால் காப்-1 கான்ஸ்டன்ஸையும் அழித்துவிடும். குறும்பகலில் அது உருவாகும் நேரத்துக்குள் இருட்டிவிடுகிறது, கதை முடிந்தது. நீள்பகலில் மட்டும் அது உருவாகும்போதும் வெளிச்சம் இருக்கிறது, பிழைத்துக்கொள்கிறது. உடல் கடிகாரம் ஒரு நேரத்தைக் குறிக்கிறது, ஒளி அந்த நேரத்தில் வருகிறதா என்று பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் அனுமதி.

பிழைத்த கான்ஸ்டன்ஸ் இலையில் எஃப்.டி. என்ற சிறு புரதத்தைச் செய்ய வைக்கிறது. 175 அமினோ அமிலம்தான். அது உணவைக் கடத்தும் புளோயம் திசு வழியாகத் தண்டின் நுனிக்குப் பயணம் செய்து, இலையாகியிருக்க வேண்டிய மொட்டைப் பூவாக்குகிறது. இலையிலிருந்து நுனிக்குப் போகும் ஒரு 'பூப்புச் செய்தி' இருக்க வேண்டும் என்று 1930-களில் மிகயீல் சைலக்யான் சொல்லி, புளோரிஜன் என்று பெயரும் வைத்துவிட்டார். அது இந்தப் புரதம்தான் என்று உறுதிப்பட 2007 ஆனது.

படி 7: நீங்களே பார்க்க

படித்ததெல்லாம் கடுகு விதை, அட்டைப் பெட்டி, எல்.இ.டி. விளக்குகளோடு ஒரு வாரத்தில் கண்முன் வந்துவிடும்.

பெட்டியின் மூலைகளைக் கறுப்பு நாடாவால் ஒட்டுங்கள். சின்ன ஓட்டை போதும் எல்லாம் கெட. முதல் தடவை நான் செய்தபோது தினமும் ராத்திரி கைபேசி விளக்கில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் என் 'இருட்டு' நாற்றுகளில் பாதிக்குத் தலை நிமிர்ந்திருந்தது. பைட்டோகுரோமுக்கு ஒரு நிமிடம் தாராளம். பச்சை விளக்கு பாதுகாப்பானது என்பார்கள்; மிக மங்கலாக, மிகக் குறைந்த நேரத்துக்கென்றால் சரி, முழுப் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். பார்க்காமல் இருப்பதே உத்தமம்.

வளைவைப் பார்க்க, இருட்டில் மூன்று நாள் வளர்ந்த நாற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் விரல் அகலத் துளையிட்ட பெட்டிக்குள் வைத்து, துளைக்கு வெளியே ஒரு தொகுதிக்கு நீல எல்.இ.டி.யும் இன்னொன்றுக்குச் சிவப்பு எல்.இ.டி.யும் வையுங்கள். சில மணி நேரத்திலேயே நீலத் தொகுதி சாயத் தொடங்கும். சிவப்புத் தொகுதி நிமிரும், விரியும், ஆனால் துளையின் பக்கம் திரும்பாது. பைட்டோகுரோமும் போட்டோட்ரோபினும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்பது இதில் தெளிவாகத் தெரியும். கலர் கண்ணாடித் தாளைச் சாதாரண பல்பில் சுற்றி இதைச் செய்ய முயலாதீர்கள். நீலத் தாள் பெரும்பாலும் தூரச் சிவப்பையும் தாராளமாக விடும். முடிவைப் படிக்க முடியாமல் போகும்.

டார்வின் தொப்பிக்கு, நேராக முளைக்கும் புல் இன விதைகள் வேண்டும். நுனி மூன்று நான்கு மில்லிமீட்டர் மறையும்படி அலுமினியத் தாளில் தொப்பி செய்து மாட்டுங்கள். தொப்பி கனத்தால் நாற்று தானாகச் சாயும். அதனால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அதே அளவு தொப்பி செய்து சில நாற்றுகளுக்கு மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்கு 730 நானோமீட்டர் எல்.இ.டி. ஒன்று தேவை. வெளிச்சத்தில் வளரும் நாற்றுகளை இரண்டு தட்டுகளாகப் பிரித்து, இரண்டுக்கும் ஒரே வெள்ளை விளக்கு கொடுங்கள். ஒன்றுக்கு மட்டும் கூடவே இந்த எல்.இ.டி.யைப் போட்டு வையுங்கள். அதன் ஒளி மற்றத் தட்டுக்குக் கசியாதபடி நடுவில் ஓர் அட்டை. உற்றுப் பார்த்தாலொழிய அந்த எல்.இ.டி. எரிவதே தெரியாது, இரண்டு தட்டும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதாகத்தான் உங்கள் கண் சொல்லும். நாலைந்து நாள் கழித்து ஸ்கேலை எடுத்துத் தண்டுகளை அளந்து பாருங்கள்.